கம்மா என்று கூப்பிட்டோம்

மழை வலுத்தால் சித்தப்பாவைத் தூக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஜூன் மாதத்துக்கு அதுதான் பொருள். அக்கம்பக்கத்தில் எல்லோரும் தகரக் கூரைமேல் தார்ப்பாய் விரித்துச் செங்கல் அடுக்கிக்கொண்டிருக்கும்போது, அப்பா தன் தம்பியின் கட்டில் காலை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்பாவுக்குப் புனேவில், லோஹேகாவ் விமானப்படை நிலையத்தில், ஸ்டோர்ஸில், சிவிலியன் வேலை. இங்கே காலூன்றிய பிறகு சிவகங்கைப் பக்கத்திலிருந்து தம்பியை வரவழைத்து, போசரியில் ஒரு சின்னப் பட்டறையில் தகடு வெட்டும் பவர் பிரஸ் ஓட்டச் சேர்த்துவிட்டார். சித்தப்பாவுக்குக் கல்யாணமாகிச் சித்தி புனேவுக்கு வந்து இரண்டு தீபாவளி முடிந்திருக்கும். பாரம் தூக்கும் செயின் பிளாக்கில் தொங்கிக்கொண்டிருந்த இரும்பு டை, அந்த பிரஸ்ஸின் அச்சு, நழுவி அவர் இடுப்பில் விழுந்தது. அதற்குப் பிறகு கால்கள் அவர் பேச்சைக் கேட்கவில்லை. வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. சித்தி வீட்டிலேயே தையல் மிஷின் போட்டுப் புடவைகளுக்கு ஃபால் வைத்து, பீக்கோ அடித்து வீட்டை ஓட்டினாள்.

எங்கள் காலனி போசரிக்கும் லோஹேகாவுக்கும் நடுவே ஒரு குன்றின் அடியில் இருந்தது. ரோட்டிலிருந்து நாலு வரிசை வீடுகள் படிபோல் இறங்கும். நாங்கள் முதல் வரிசை. சித்தப்பா வீடு கடைசி வரிசை, அதற்குப் பின்னால் நாலா. நாலா என்றால் குன்றிலிருந்து இறங்கும் ஓடை. வெயில் காலத்தில் அது வெறும் சாக்கடை, பன்றி மேயும். மழைக்காலத்தில் அதற்குத் திடீரென்று கோபம் வரும். குன்றின் மேல் இரண்டு மணி நேரம் ஊற்றினால் போதும், கடைசி வரிசைக்குள் முழங்காலளவு தண்ணீர் நுழைந்துவிடும்.

நடக்கத் தெரிந்தவர்கள் மேலே ஏறிவிடுவார்கள். சித்தப்பாவைக் கட்டிலோடு தூக்க நாலு ஆள் வேண்டும். தலைமாட்டுப் பக்கம் எப்போதும் அப்பா. மற்ற மூவரை வரிசை வரிசையாகக் கதவு தட்டிக் கூட்டிவர வேண்டும். அவர்களும் முகம் சுளிக்காமல்தான் வருவார்கள், ஆனால் நாலு வருஷம் முகம் சுளிக்காமல் வருவது யாருக்கும் கஷ்டம். அது சித்தப்பாவுக்குத் தெரியும். அதனால் அவர்களைச் சிரிக்க வைப்பது தன் கடமை என்று நினைத்துக்கொண்டார். "மதுரையில அழகரு ஆத்துல எறங்குறாரு. நான் ஆத்துல இருந்து ஏறுறேன். பாத்துத் தூக்குங்கப்பா, சாமி குலுங்குது" என்பார். அதையே உடைந்த இந்தியில் மற்றவர்களுக்கும் சொல்வார். அழகர் யாரென்று தெரியாமலே அவர்கள் சிரிப்பார்கள்.

ஒரு வருஷம் மூன்றாம் வரிசை வளைவில் கால்மாட்டுக்காரர் வழுக்கிவிட்டார். கட்டில் சாய்ந்து சித்தப்பா சேற்றுத் தண்ணீரில் கிடந்தார். திரும்பத் தூக்கி வைக்கும் வரை அவருடைய லுங்கியைச் சரிசெய்ய யாருக்கும் தோன்றவில்லை. சித்திதான் ஓடிவந்து இழுத்து மூடினாள். அன்று அழகர் பேச்சு வரவில்லை. எங்கள் வீட்டில் துடைத்துப் படுக்க வைத்த பிறகு அம்மாவிடம், "மதினி, அடுத்த தடவ என்னை அங்கனயே விட்டுருங்க" என்றார். அவர் குரலில் விளையாட்டு இல்லை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த வார்த்தை அப்பாவின் காதில் விழுந்தது. கடைசி வரிசைக்குத் தண்ணீர் வரவிடாமல் செய்வது என்று அவர் கிளம்பியது அந்த மழைக்குப் பிறகுதான்.

சித்தியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் என் அப்பாவிடம் நேராகப் பேசமாட்டாள். புருஷனுடைய அண்ணன் எதிரில் வந்தால் எழுந்து ஒதுங்க வேண்டும், பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். புனேவில் பத்தடி அகல வீட்டில் எங்கே ஒதுங்குவது? ஆனாலும் அவள் விடவில்லை. அப்பாவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அம்மாவிடம் சொல்வாள், அப்பாவை வைத்துக்கொண்டே. "அக்கா, அவுக தம்பிக்கு மாத்திரை தீர்ந்துருச்சுன்னு மூத்தவுகட்டச் சொல்லுங்க" என்பாள். அப்பாவும் அம்மாவைப் பார்த்தே, "நாளைக்கு வாங்கியாரேன்னு சொல்லு" என்பார். அம்மா வாயே திறக்கமாட்டாள், நடுவில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். அம்மா இல்லாத நேரத்தில் சித்தி எங்கள் தண்ணீர் அண்டாவிடம் பேசுவாள். எனக்கு இது பெரிய கேலி. இருபது வயதில், காலேஜில் பி.காம். படித்துக்கொண்டிருந்தவளுக்கு வேறென்ன தோன்றும்? அண்டாவுக்குக் காது கேட்காது சித்தி, கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள் என்பேன்.

அணைக்கு வருகிறேன். பெரிய அணை இல்லை, குன்று இறங்கி முடியும் இடத்தில் நாலாவுக்குக் குறுக்கே ஒரு மண்கரை. அப்பா காலனி ஆண்களைக் கூட்டிக்கொண்டு நகரசேவகர் என்கிற வார்டு கவுன்சிலர் வீட்டு வாசலில் பல காலைகள் நின்றதற்குப் பலனாக ஒரு ஜேசிபியும் முரும் மண் ஏற்றிய டம்பர்களும் வந்தன. முரும் என்பது புனேவில் எங்கே தோண்டினாலும் வரும் செம்மண் சரளை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் எல்லோரும் கல் சுமந்தோம். சித்தி சுமந்ததை இரண்டு ஆண்கள் சுமந்திருக்க முடியாது. கரைக்கு நடுவே அடியில் ஒரு சிமெண்டுக் குழாயைப் பதித்தார்கள்.

இளவயது என்ஜினியர் ஒருவர் வந்து எங்களை நிற்க வைத்து இந்தியில் விளக்கினார். இது தண்ணீரைப் பிடித்து வைக்கிற அணை இல்லை, தண்ணீரின் வேகத்தைக் குறைக்கிற அணை. வெள்ளம் வந்தால் கரைக்குப் பின்னால் ஒரு நாள் தேங்கும், குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துவிடும். மற்ற நாளெல்லாம் இது காலியாகக் கிடக்க வேண்டும். குழாயை மட்டும் அடைக்க விடாதீர்கள். அப்பா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து சித்தப்பாவிடம் ஒரு சொல் தப்பாமல் தமிழில் சொன்னார். அப்பாவுக்குப் புரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

மராத்திக்காரர்கள் அந்தக் கரையை பாந்த் என்றார்கள். அப்பா முதல் நாளே கம்மா என்றார். எங்கள் பக்கத்தில் ஏரிக்குக் கண்மாய் என்று பெயர், வாயில் வரும்போது கம்மா. அம்மாவும் சொன்னாள், சித்தியும் சொன்னாள், நானும் சொன்னேன். கம்மாக்கரைக்குப் போய் வருகிறேன், கம்மாக்கரையில் துணி காயப்போட்டிருக்கிறேன். பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். பாந்த் காலியாக இருக்கலாம். கம்மா காலியாக இருந்தால் அந்தச் சிவகங்கைக்காரர்களுக்குத் தூக்கம் வராது. கோடை விடுமுறைகளில் அந்த ஊருக்கு நானும் போயிருக்கிறேன். நான் பார்த்தபோதெல்லாம் அங்கே கம்மா வெடித்துத்தான் கிடந்தது. தண்ணீர் இல்லாமல்தான் அண்ணனும் தம்பியும் ஊரை விட்டு வந்தார்கள். அந்தப் பெயரைத்தான் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

முதல் வருஷம் கரை சொன்னபடி கேட்டது. ஜூலையில் நாள் முழுவதும் கொட்டியது. கரைக்குப் பின்னால் தண்ணீர் ஏறியது, மறுநாள் குழாய் வழியாக வடிந்தது. கடைசி வரிசையில் வாசல் ஈரம்கூட இல்லை. அந்த மழையில் நாங்கள் எல்லோரும் சித்தப்பா வீட்டில்தான் உட்கார்ந்திருந்தோம். சித்தி மிளகாய் பஜ்ஜி போட்டாள். தகரத்தின் மேல் மழை அடிக்கும் சத்தத்தில் பேசுவது கேட்காது. சித்தப்பா கத்தி கத்திப் பேசினார். "இந்த வருசம் சாமி புறப்பாடு கிடையாதுடோய்" என்று சொன்னபோது கண் கலங்கி இருந்தது. அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

ஆனால் மழை நின்றதும் ஆரம்பித்துவிட்டார்கள். இவ்வளவு மண்ணைக் கொட்டி என்ன பிரயோஜனம், ஒரு குடம் தண்ணீர் நிற்கவில்லையே என்று காலனியில் எல்லோரும் பேசினார்கள். போர்வெல் வற்றிய கோடையில் பேச்சு இன்னும் பெரிதானது. அப்பா வேலை விட்டு வந்து கரைமேல் நின்று, காய்ந்த தரையைப் பார்த்துவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவார். "ஏன், எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்று அம்மா கேட்பாள்.

அடுத்த வருஷம் கணபதி மண்டல், அதாவது பிள்ளையார் விழாக் குழுப் பையன்கள் வந்தார்கள். பத்தாம் நாள் கரைப்பதற்குப் பிள்ளையாரை டெம்போவில் ஏற்றி ஆற்றுக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது, அணையில் தண்ணீர் நின்றால் இங்கேயே விசர்ஜன் செய்துவிடலாம், குழாயைக் கொஞ்ச நாள் அடைக்கலாமா அண்ணா என்று கேட்டார்கள். தெற்கத்திக்காரன் எவனாக இருந்தாலும் புனேவில் அவன் அண்ணாதான். அப்பா தயங்கவே இல்லை. மடை அடைப்பதற்கு எங்கள் ஊர்க்காரனுக்குச் சொல்லித்தர வேண்டுமா என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே இறங்கினார். மணல் மூட்டை, கல், களிமண், தார்ப்பாய். ஒரு சொட்டுக் கசியாமல் அடைத்தார். விசர்ஜனுக்கு மறுநாள் காலையில் திறந்துவிடுவது என்று பேச்சு.

தண்ணீர் நின்றது. கொக்கு வந்தது. மாலையில் குடும்பம் குடும்பமாகக் கரைமேல் வந்து உட்கார்ந்தார்கள், பேல்பூரி வண்டி வந்தது. பிள்ளையார் குலால் பொடியும் மேளமுமாக வந்து அதில் முங்கினார். எனக்கும் அந்தத் தண்ணீர் பிடித்திருந்தது.

மறுநாள் காலையில் யாரும் குழாயைத் திறக்கப் போகவில்லை. பையன்கள் ஆடிய களைப்பில் தூங்கினார்கள். அதற்கடுத்த நாள் மண்டல் தலைவர் வந்து கேட்டபோது அப்பா, "மழைதான் முடிஞ்சுபோச்சே, இருக்கட்டும்" என்று இந்தியில் சொன்னார். எங்களிடம் தமிழில், "நெறஞ்ச கம்மாய எவனாச்சும் வெட்டி விடுவானா? பாவம் சும்மா விடாது" என்றார். போர்வெல்லில் தண்ணீர் ஏறியிருந்தது. அதனால் யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

அந்த வாரம்தான் சித்தப்பா தன்னைத் தூக்கச் சொல்லிக் கேட்டார். வெள்ளம் இல்லாமல், அவராக ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒரு தடவைதான். அவர் வீட்டுப் பின் ஜன்னலிலிருந்து பார்த்தால் கரையின் சரிவு மட்டும்தான் தெரியும், தண்ணீர் தெரியாது. நாலு பேர் கட்டிலைத் தூக்கிக் கரைமேல் வைத்தார்கள். அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "அண்ணே, நம்ம கம்மா மாதிரியேண்ணே" என்றார். அப்பா அவர் தலையைத் தடவிக்கொடுத்தார். அண்ணன் தம்பியை அப்படித் தொட்டு நான் பார்த்தது அப்போதுதான். குழாயை அப்பா திறக்காததற்குக் காரணம் அந்த ஒரு வார்த்தைதான் என்று அம்மா பிற்பாடு சொல்வாள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. அப்பாவுக்கே அந்தத் தண்ணீர் வேண்டியிருந்தது.

செப்டம்பர் கடைசியில் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பா பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கதவோரம் நின்று, "அக்கா, எங்க கொல்லையில ஊத்து கெளம்புது. கரைக்கு அடியில ஒரு எடம் சொதசொதன்னு இருக்கு. மூத்தவுகள ஒரு எட்டு வந்து பாக்கச் சொல்லுங்க" என்றாள்.

அப்பா பேப்பரை மடித்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. "கம்மா நெறஞ்சா கரைக்குக் கீழ இருக்க கெணறெல்லாம் ஊறத்தான செய்யும். அவளுக்குத் தெரியாததா? நல்ல சகுனம்னு சொல்லு" என்றார்.

சித்தியும் அந்தப் பக்கத்துப் பெண்தான். கண்மாய் நிறைந்தால் கரைக்குக் கீழே கிணறு ஊறும் என்பது அவள் பிறந்ததிலிருந்து கேட்டது. ஆனால் அந்தக் கண்மாய்கள் தண்ணீரைத் தாங்குவதற்கென்றே களிமண்ணைப் போட்டு மிதித்து மிதித்துக் கட்டப்பட்டவை. இது ஜேசிபி கொட்டிய முரும். ஒரு நாள் தண்ணீரைத் தாங்கக் கட்டிய கரை ஒரு மாதமாகத் தாங்கிக்கொண்டிருந்தது. சிமெண்டுக் குழாயை ஒட்டித் தண்ணீர் தனக்கு ஒரு வழி பார்த்துக்கொண்டிருந்தது. இதெல்லாம் பிறகு வந்த என்ஜினியர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அன்று சித்தி தலையாட்டிவிட்டுப் போனாள். இரண்டு மூன்று நாள் அந்த ஊற்றுத் தண்ணீரிலேயே பாத்திரம் கழுவினாள். தெளிவாக இருந்தது என்றாள்.

அக்டோபரில் திரும்பு மழை வந்தது. மழைக்காலம் போகிற போக்கில் திரும்பிப் பார்த்து அடிக்கும் மழை. அதில் இடி அதிகம். காலையிலிருந்து ஊற்றியது. பஸ் ஓடாததால் நான் காலேஜ் போகவில்லை. அப்பா லோஹேகாவில் இருந்தார். காலனி ஆண்களில் பாதிப்பேர் போசரியில் முதல் ஷிப்டில் இருந்தார்கள். மத்தியானம் சித்தி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள்.

"அக்கா, ஊத்துத் தண்ணி கலங்கலா வருது. செவப்பா வருதுக்கா. அவுகளத் தூக்கணும்."

அம்மா வேறெதுவும் கேட்கவில்லை. நான் இஸ்திரிக்காரரையும் மளிகைக் கடைக்காரரையும் கூப்பிட ஓடினேன். இரண்டு ஆண்கள், மூன்று பெண்கள், ஒரு கட்டிலைத் தூக்கிவிடலாம். அழகர் சமாசாரத்தை இன்றைக்கு யாரிடம் சொல்லுவார் என்றுகூட எனக்குத் தோன்றியது. மூன்றாம் வரிசை வளைவுக்கு வந்திருந்தோம், முன்பு அவர் விழுந்த அதே இடம். லாரி மண்ணைக் கொட்டுவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான். பிறகு எங்களுக்குக் கீழே கடைசி வரிசை சிவப்பாக இருந்தது. கதவுகள் இருந்த இடத்தில் தண்ணீர் இருந்தது, கூரைத் தகரங்கள் மட்டும் தெரிந்தன.

சித்தி இறங்கப் பார்த்தாள். அம்மா அவள் இடுப்பைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். சித்தி அம்மாவின் கையைக் கடித்தாள். அம்மா விடவில்லை. "ஏங்க, ஏங்க" என்றே சித்தி கத்திக்கொண்டிருந்தாள். அந்த நேரத்திலும் அவளுக்குப் புருஷன் பெயர் வாயில் வரவில்லை.

சின்ன அணைதான். அதில் இருந்த தண்ணீர் ரொம்ப நேரம் நிற்கவில்லை, வந்த வேகத்தில் வடிந்தது. கடைசி வரிசையில் மற்ற வீடுகளில் சிலர் ஏற்கெனவே மேலே வந்திருந்தார்கள், சிலர் கூரைமேல் ஏறியிருந்தார்கள். இஸ்திரிக்காரர்தான் முதலில் உள்ளே போனார். கட்டில் மிதந்துபோய்க் கதவுக்குக் குறுக்கே செருகிக்கொண்டிருந்தது. சித்தப்பா ஜன்னல் பக்கம் இருந்தார். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, முடிந்த மட்டும் உடம்பை மேலே இழுத்திருக்கிறார். கால் உதவியிருந்தால் கம்பியில் ஏறி நின்றிருப்பார், அவர் தலை தண்ணீருக்கு மேல் இருந்திருக்கும். விரல்களைக் கம்பியிலிருந்து எடுப்பதற்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து நான் என் அப்பாவை வெறுத்தேன். சில வருஷம் அந்த வெறுப்பு அப்படியே இருந்தது.

அப்பா இருட்டுவதற்குள் வந்துவிட்டார், சைக்கிளை எங்கேயோ போட்டுவிட்டு நடந்து. யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை, வரும்போதே தெரிந்துகொண்டு வந்தார். நேராக உடைந்த கரைக்குப் போனார். குழாய் அப்படியே இருந்தது, அவர் அடைத்த மூட்டைகளோடு, ஒரு சொட்டுக் கசியாமல். அதற்கு இரண்டு பக்கமும் கரை இல்லை. தகனத்துக்கு எடுத்துப் போனபோதும் தலைமாட்டுப் பக்கம் அப்பாதான் தூக்கினார்.

யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. எலி வளை தோண்டியிருந்தது என்றார்கள். மண் மட்டம் என்றார்கள். கண்பட்டுவிட்டது என்றுகூட ஒருவர் சொன்னார். மண்டல் பையன்கள் அப்பா எதிரில் வந்தால் சந்து மாறிப் போனார்கள். கம்மா என்ற சொல்லை அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து நான் கேட்கவில்லை. எங்களுக்கும் அது அற்றுப்போனது. பாந்த் என்றோம்.

சித்தி மிஷினை மட்டும் கழுவி எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஊரிலிருந்து வந்த அவள் அண்ணன் கூப்பிட்டதற்கு, "இங்கன தைக்கக் குடுக்குறதுக்கு ஆளு இருக்கு. அங்கன என்ன இருக்கு, கம்மாதான் இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அதே பத்தடி அகல வீடு. அப்பா உள்ளே வந்தால் முன்புபோலவே எழுந்து நிற்பாள். ஆனால் அம்மா வழியாகவும் ஒன்றும் சொல்வதில்லை, அண்டாவிடமும் இல்லை. எட்டு மாதம் அப்படிப் போனது. அந்த வீட்டில் தையல் மிஷின் சத்தம் இல்லாவிட்டால் எங்களுக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்.

கரையைக் கல் பதித்து மறுபடி கட்டினார்கள், இந்த முறை குழாய் பெரியது. அடுத்த ஜூனில் முதல் மழை. நாங்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். தகரத்தில் சத்தம் வலுத்தது. சித்தி மிஷினை நிறுத்தினாள், எழுந்து வந்தாள், அப்பாவின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

"குழா தொறந்திருக்கா?"

அம்மா கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. அப்பா சோற்றுக் கையோடு அவளைப் பார்த்தார். பிறகு கையைக் கழுவிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார். நனைந்து திரும்பி வந்து, "தொறந்திருக்கு" என்றார். அவளைப் பார்த்துத்தான் சொன்னார். அவள் மிஷினுக்குப் போனாள்.

அதிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் இதே. வேறு எதுவும் அவர்கள் பேசிக்கொண்டதில்லை. பண்டிகை, என் கல்யாணம், அம்மாவுக்கு நடந்த ஆபரேஷன், எதற்கும் ஒரு வார்த்தை கிடையாது. மழை வந்தால் மட்டும் அவள் கேட்பாள், அவர் போவார். குழாய் வாயில் பிளாஸ்டிக் பை, தெர்மோகோல், குட்கா பொட்டலம், பழைய சாமி மாலை என்று அடைத்துக்கொள்ளும். நுனி வளைந்த ஒரு இரும்புக் கம்பியைச் செய்துவைத்திருந்தார். ரிடையரானபின் மழை இல்லாத நாளிலும் போனார். தண்டனையா என்று அம்மாவிடம் ஒருநாள் கேட்டேன். "தண்டனைன்னா அன்னைக்குப் பாதிச் சாப்பாட்டுல கை கழுவ வெச்சதுதான். மத்ததெல்லாம் அவருக்குச் சோறு மாதிரி" என்றாள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு குன்றின் மேல் அடுக்குமாடிகள் வந்தன. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் ஐ.டி. வேலைக்கு வந்த பிள்ளைகள் காலையில் கரைமேல் நடந்தார்கள். அப்பா தமிழ் பேசுவதைக் கேட்டு ஒருவன் நின்றான். நல்ல பையன்தான். "அங்கிள், இவ்ளோ பெரிய பண்ட் இருக்கு, ஏன் தண்ணி ஸ்டோர் பண்ண மாட்டேங்கறாங்க? வேஸ்ட்டா போகுதே. நம்ம ஊர்ல இருந்தா ஏரியாக்கியிருப்பாங்க" என்றான். அப்பா கம்பியை ஊன்றிக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் இருந்தேன். "இது காலியா இருக்கணும் தம்பி" என்றார். அவன் ஏதோ கேட்க வந்தான். "காலியா இருக்கணும்" என்று மறுபடி சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அன்று எனக்கு அவர்மேல் இருந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

சில வருஷங்களில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஊருக்குள் கேம்ப் பகுதியில் ஒரு ஆஸ்பத்திரியில் கிடந்தார். பேச்சு பாதி போயிருந்தது. புரட்டிப் படுக்க வைக்க ஆள் வேண்டும், தூக்கி உட்கார வைக்க ஆள் வேண்டும். ஜூலை மாதம். ஜன்னலுக்கு வெளியே மழை பிடித்துக்கொண்டால் அவருக்கு உடம்பு நிலைகொள்ளாது. நல்ல கையால் போர்வையை இழுப்பார், காலைக் கீழே போடப் பார்ப்பார். நர்ஸ் அதட்டுவாள். எங்கே போக வேண்டும் என்று எனக்குத் தெரியும். அங்கே போய்ப் பார்த்துவர எனக்கு நேரமும் இல்லை, உண்மையில் மனமும் இல்லை. எல்லாம் சரியாக இருக்கிறது அப்பா என்று பொதுவாகச் சொல்வேன். அவர் நம்பமாட்டார்.

அன்று காலையிலிருந்து விடாமல் பெய்தது. மத்தியானம் சித்தி வந்தாள். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். தலை நரைத்துவிட்டது அவளுக்கும். குடையைக் கதவோரம் வைத்துவிட்டு, ஒதுங்கி நிற்காமல், நேராகக் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்தாள். அவர் கேட்காத கேள்விக்கு அவளே பதில் சொன்னாள்.

"குழா தொறந்துதான் இருக்கு. நானே போயிப் பாத்துட்டு வாரேன்."

அப்பாவின் வாய் கோணியது. பேச முயற்சி செய்தார். இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு, "தண்ணி?" என்ற சொல் வந்தது.

"சொட்டுத் தண்ணி இல்ல. கம்மா வத்திக் கெடக்கு."

அந்தச் சொல்லை அத்தனை வருஷம் கழித்துக் கேட்டேன். எங்கள் பக்கத்தில் கம்மா வற்றிவிட்டது என்று கேள்விப்பட்டால் மனிதர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்புவார்கள். அப்பா கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். போர்வையைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. வெளியே மழை அடித்துக்கொண்டிருந்தது, அவர் அசையாமல் தூங்கினார்.

சித்தி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் புடவை தொடை வரை நனைந்து செம்மண் சேறாக இருந்தது. கைகளில் கீறல், நகக்கண்ணில் எல்லாம் மண். சொட்டுத் தண்ணீர் இல்லாத கம்மாயில் இவ்வளவு சேறு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. ஈரத் துண்டை எடுத்து வந்து அவள் காலைத் துடைத்துவிட்டேன்.